சிரிக்க வைக்கும் வரி அல்ல, சிக்கல்தான் முதலில்

டிவிக்குச் சின்ன நகைச்சுவைக் காட்சி எழுத விரும்புகிறவர்கள் முதலில் பஞ்ச் வசனங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நானும் அப்படித்தான் ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்தேன், ஒன்றுகூட எந்தக் காட்சியிலும் ஒட்டவில்லை.

பிறகு ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது ஒரு பாட்டிக்கு மெஷினில் கைரேகை விழவில்லை. "முந்தானையில துடைச்சிட்டு வைங்கம்மா" என்றார் ஒருவர். "எலுமிச்சம்பழம் தேய்ங்க" என்றார் இன்னொருவர். அந்தப் பாட்டி விடாமல் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அதையே எழுதினேன். பாட்டிக்கு அரிசி வேண்டும், மெஷின் விடாது. ஒரே ஆசை, ஒரே தடை, ஒவ்வொரு யோசனையும் முந்தியதைவிடக் கிறுக்குத்தனமாக ஏற வேண்டும். மூன்று நிமிடத்துக்கு அது போதும்.

விஜய் டிவியின் லொள்ளு சபாவைக் கவனித்துப் பாருங்கள். எல்லாருக்கும் மனப்பாடமான சினிமாப் படங்களையே எடுத்துக் கேலி செய்ததால் கதையை விளக்க வேண்டிய வேலையே இல்லை, நேராகக் கலாட்டாவுக்குள் போய்விடுவார்கள். சந்தானம் அங்கிருந்துதான் சினிமாவுக்கு வந்தார்.

இன்னொன்று, லொகேஷன். என் முதல் ஸ்கிரிப்டில் ஏழு இடங்கள். ஒரு சேனலில் முதல் பக்கத்தோடு மூடிவிட்டார்கள். ஒரு மேசை, ஒரு கதவு, மூன்று பேர் என்று எழுதுங்கள். எழுதியதை வீட்டில் யாரிடமாவது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் செல்போனை எடுக்கும் இடத்தில் வெட்டுங்கள்.