கடைசியில் சிரிக்க வைக்காத கார்ட்டூன்

‘ஃபீட் தி கிட்டி’ படத்தின் கடைசிச் சில நொடிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. 1952-ல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட, ஏழு நிமிடம் ஓடுகிற குட்டிப் படம். இயக்கியவர் சக் ஜோன்ஸ், கதை மைக்கேல் மால்டீஸ். மார்க் ஆண்டனி என்கிற முரட்டு புல்டாக் ஒரு பூனைக்குட்டியிடம் மனசைப் பறிகொடுத்துவிடுகிறது. இனி எதையும் வீட்டுக்குள் தூக்கிவரக் கூடாது என்று வீட்டு எஜமானி கறாராகச் சொல்லிவிட, குட்டியை அங்கே இங்கே ஒளித்துவைத்துத் திண்டாடுகிறது. அவ்வளவுதான் கதை.

கடைசியில் குட்டி வீட்டிலேயே இருக்கலாம் என்று அனுமதி கிடைக்கிறது. சுபம். ஆனால் படம் அங்கே முடியவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதற்கப்புறம் குட்டி நாயின் முதுகில் ஏறுகிறது. முன்னங்கால்களால் மாற்றி மாற்றி மிதித்து, இடத்தைப் பதப்படுத்திக்கொண்டு சுருண்டு படுக்கிறது. படத்தின் தொடக்கத்திலும் இதே காட்சி உண்டு. நாய் தொண்டை கிழியக் குரைத்து மிரட்டும். குட்டி கொஞ்சமும் அசராமல் அதன் மேலேயே ஏறி மிதிக்கும். நகம் பதியப் பதிய நாயின் முகம் கோணும். வலிக்கிறது, ஆனாலும் உதறிவிட மனசு வரவில்லை. முடிவிலும் அதே முதுகு, அதே நகங்கள்தான். ஆனால் இந்த முறை மார்க் ஆண்டனி தன் முதுகுத் தோலையே போர்வையாக இழுத்துக் குட்டியின் மேல் போர்த்திவிடுகிறது. வசனம் கிடையாது.

அந்தப் போர்வைக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது? நடுவில் வரும் பிஸ்கட் காட்சியிலிருந்துதான். எஜமானி பிஸ்கட் செய்ய எடுத்த மாவுக்குள் இருந்த குட்டி தப்பித்துவிட்டது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. மாவு கடையப்படுவதையும் அடுப்புக்குள் போவதையும் வெளியே நின்று பார்த்துக் கதறுகிறது. விஷயம் புரியாத எஜமானி, ஆறுதலுக்காகப் பூனை வடிவ பிஸ்கட் ஒன்றைக் கொடுக்கிறார். நாய் அதை நடுங்கும் கையால் வாங்கித் தன் முதுகில், குட்டி படுக்கும் அதே இடத்தில், வைத்துக்கொண்டு அழுகிறது. குட்டி பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தும் நமக்கும் தொண்டை அடைக்கிறது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கண் கலங்குகிறது.

இதைச் சிலர் மிகையுணர்ச்சி என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்துக் கார்ட்டூன்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு அடியோ வெடியோ வைத்துத்தான் முடியும். இங்கேயும் குட்டி ஒரு குறும்பு செய்து, எஜமானி மறுபடி கத்துவதுபோல் முடித்திருக்கலாம், தியேட்டரே சிரித்திருக்கும். அந்தச் சிரிப்பை வேண்டாம் என்று விட்டதற்குத் துணிச்சல் வேண்டும். நகைச்சுவைப் படம் எடுப்பவருக்கு இன்னும் அதிகமாகவே வேண்டும்.

2001-ல் வந்த ‘மான்ஸ்டர்ஸ், இங்க்.’ படத்தில், குழந்தை குப்பை நசுக்கும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டதாக நினைத்து சல்லி என்கிற பூதம் துடிக்கும் காட்சி இந்த பிஸ்கட் காட்சிக்குச் செய்த மரியாதைதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், முகபாவங்கள்கூட ஒத்துப்போகும்.

பலர் பிஸ்கட் காட்சியை மட்டும் வெட்டிப் பகிர்கிறார்கள். தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள். முதல் மிதியைப் பார்க்காமல் கடைசிப் போர்வையைப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். மொத்தமே ஏழு நிமிடம்தானே, முழுசாகப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.