தனுஷ்கோடி என்றால் புயல் மட்டும்தானா?

தனுஷ்கோடியைப் பற்றி யார் எழுதினாலும் 1964 டிசம்பர் 22 இரவில்தான் தொடங்குகிறார்கள். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது, ஊர் அழிந்தது, இப்போது அது ‘பேய் நகரம்’. காணொளிக்கு இது போதும். எனக்குப் போதவில்லை. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு அங்கே என்ன நடந்தது?

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் தண்டவாளம் தனுஷ்கோடி வரை போனது. ஊருக்கு ஒரு நிலையம். கப்பல் துறையிலேயே இன்னொன்று, தனுஷ்கோடி பியர். எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் வாங்கலாம். கப்பலோடு இணைந்த ரயிலான போட் மெயிலிலிருந்து இறங்கி, சுங்கச் சோதனை முடிந்ததும் நீராவிக் கப்பலில் ஏற வேண்டியதுதான். பிற்காலத்தில் ஓடிய கப்பல்கள் இர்வின், கோஷன். ஒன்று வைஸ்ராய் பெயர், மற்றது சென்னை கவர்னர் பெயர். சுமார் 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார் துறையில் இலங்கை ரயில் நிற்கும். அப்போது இங்கே மீட்டர் கேஜ், அங்கே அகலப் பாதை என்பது ரயில் பைத்தியங்களுக்கான உபரித் தகவல்.

இந்த ‘ஒரே டிக்கெட்டில் கொழும்பு’ பெருமையைப் பேசுகிறவர்கள் பாம்பன் பாலத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் என்ற ஊரில் இறங்குவதே இல்லை. அதுதான் என் எரிச்சல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களுக்கு அப்படி நேராகக் கப்பலேறும் சலுகை கிடையாது. இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமில் இறக்கி, நோய்த்தடுப்புக் காவலில் வைத்த பிறகே அனுப்பினார்கள். தேயிலைக்கு ஆள் தேவைப்படாமல் இருந்திருந்தால் அந்த மணல்முனைக்கு இவ்வளவு செலவழித்து ரயில் விட்டிருப்பார்களா? நான் நம்பமாட்டேன்.

1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அந்தத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது, அவர்களைக் கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் தனுஷ்கோடித் துறையே இல்லாமல் போனது. பாட்டன் கப்பலேறிய துறை அழிந்துவிட, பேரப்பிள்ளைகள் ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். 1983-க்குப் பிறகு ஈழ அகதிகளைத் தங்கவைத்ததும் அதே மண்டபத்தில்தான்.

போரால் நின்றிருந்த தலைமன்னார் ரயில் 2015-இல் திரும்பிவிட்டது. இக்கரையில் 2019-இல் தனுஷ்கோடிப் பாதைக்கு மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள், ரயில் வரவில்லை. வராததில் எனக்கு வருத்தமும் இல்லை. மணல் இடம்மாறிக்கொண்டே இருக்கும் அந்த முனையில், படமெடுக்க வருபவர்களுக்காகத் தண்டவாளம் எதற்கு? அந்தப் பணத்தில் ஒரு துளியை ஒதுக்கி மண்டபத்தில் ஓர் ஆவணக் காப்பகம் அமைக்கட்டும். கடந்துபோனவர்களின் பெயர்ப் பதிவேடுகளைத் தேடித் திரட்டி அங்கே வைத்தால், கொள்ளுப்பாட்டன் பெயரைத் தேடி இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்தும், திரும்பி வந்தவர்கள் குடியேறிய நீலகிரியின் கோத்தகிரியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.