எழுதவும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை விழாவில் பேசியது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. வீடியோ எல்லார் கைக்கும் வந்துவிட்டது. முதல் கவிதைத் தொகுப்பு போட்ட பெண்ணைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே, "இப்பல்லாம் போன் இருந்தா கவிஞர்தான்" என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. அந்தப் பெண்ணும் சிரிக்கிறாள். வேறென்ன செய்வாள், பாவம்?

மூத்தவர், நல்லதுக்குத்தான் சொன்னார் என்கிறீர்கள். சரி, நல்லது சொல்ல மைக் எதற்கு? தனியாகக் கூப்பிட்டு, இந்த வரி தேறாது, இதை எடுத்துவிடு என்று சொல்லலாமே. ஆனால் அதற்குப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். நான் வாங்கிப் படித்தேன். பாதிக் கவிதைகள் சுமார்தான். ஆனால் அந்த ரேஷன் கடை வரிசைக் கவிதை மாதிரி எழுத எனக்கு வராது.

"பத்து வருஷம் படி, அப்புறம் எழுது" என்கிறார்கள். தன்னம்பிக்கை எழுதுவதற்கு முன்னால் வந்து சேராது ஐயா. எழுத எழுதத்தான் வரும். எழுதியதை ஒருவர் மதித்துப் படித்தால் இன்னும் கொஞ்சம் வரும்.

எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) முப்பது வயது தாண்டித்தான் கதை எழுத வந்தார். மழைக்குத்தான் பள்ளிக்கூடம் ஒதுங்கினேன் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் அதே ஊர்க்காரர், எழுத்தாளர் கு. அழகிரிசாமி நண்பராக இருந்தார். இலக்கியமும் சங்கீதமுமாகக் கடிதம் எழுதிக்கொள்ள ஓர் ஆள்! பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகமே கி.ரா.வைப் பேராசிரியராகக் கூப்பிட்டது. 1991இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. தலித் எழுத்தாளர் பாமா பேச்சுமொழியில் எழுதிய தன்வரலாற்று நாவல் 'கருக்கு' 1992இல் வந்தபோது, இதெல்லாம் ஒரு மொழியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு கிராஸ்வேர்ட் புத்தக விருது கிடைத்தது. சுளித்த முகங்கள் பிறகு என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை.

"நீ என்ன பாமாவா?" என்று கேட்க ஒருவர் வருவார். இல்லைதான். பாமாவும் முதல் பக்கம் எழுதும்போது இன்றைய பாமா இல்லையே.

படிக்காமல் எழுதலாமா என்ற கேள்வி நியாயமானது. படிக்கத்தான் வேண்டும். யார் வேண்டாம் என்றார்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் முதல் கதைக்கட்டை ஒரு பதிப்பாளரிடம் கொண்டுபோனேன். மேல் தாளை மட்டும் புரட்டினார். அதன்மேலேயே டீ கிளாஸை வைத்தார். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்றார். கதையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டைப் பரணில் போட்டேன். அதற்கப்புறம் பல வருஷம் மளிகைக் கணக்கு தவிர வேறொன்றும் எழுதவில்லை. அதே கேள்வியை ஆண் எழுத்தாளர் யாரிடமாவது கேட்டிருக்கிறார்களா? "வீட்டம்மா என்ன பண்றாங்க?" என்று? சமைத்துக்கொண்டிருப்பார்கள், அதனால்தானே இவர் எழுதிக்கொண்டிருக்கிறார்!

தரம் தரம் என்று கமெண்டில் வரப்போகிறவர்களே, தாராளமாக வாருங்கள். வரும்போது கல்லூரி மலரில் வந்த உங்கள் முதல் கவிதையையும் கொண்டுவந்து இங்கே ஒட்டுங்கள். எல்லாருமாகச் சேர்ந்து படிப்போம்.