எண்ணெய் ஊற்றினால் காலிக்கூடு சிக்காதா?

".22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிளில் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே விழாமல் சிக்கினால் போல்ட்டில் (முன்னும் பின்னும் நகரும் அடைப்புப் பாகம்) தாராளமாக எண்ணெய் விடுங்கள், சரியாகிவிடும்" என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. தவறு. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவின் (அடி விளிம்பில் அடிபட்டு வெடிப்பது) ஈயத் தலையில் பெரும்பாலும் மெழுகு பூசியிருக்கும், அதுவும் எரிந்த வெடிமருந்தின் கரியும் தோட்டா உட்காரும் சேம்பரிலும், கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியிலும் அப்பிக்கொள்ளும், அதில் எண்ணெயும் சேர்ந்தால் எல்லாம் குழைந்து பசையாகி இன்னும் மோசம்தான். முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, சேம்பர் காலியா என்று கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் கொக்கியின் இடுக்கைப் பல்குச்சியால் சுரண்டுங்கள், சேம்பரை பிரஷ்ஷால் தேயுங்கள். அப்படியும் சிக்குகிறதா? தோட்டாவை மாற்றிப் பாருங்கள். இந்த ரைபிள்களில் பெரும்பாலானவற்றில் போல்ட்டைப் பின்னே தள்ளுவது கூட்டின் உதைதான், ஒலியைவிட மெதுவாகப் பாயும் சப்சானிக் தோட்டாவில் அந்த உதை போதாமல் போகலாம். எக்ஸ்ட்ராக்டர் முனை மழுங்கியதா, ஸ்பிரிங் தளர்ந்ததா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.