எடுரோமில் ஸ்மார்ட் பல்பு சேராது: ஒரு திருத்தம்

"மேக் முகவரியை (கருவியின் வைஃபை அடையாள எண்) பதிவு செய்தால் ஸ்மார்ட் பல்பு, பிளக் எல்லாம் எடுரோமில் (பல பல்கலைக்கழகங்களில் ஒரே கணக்கில் இயங்கும் வைஃபை) சேர்ந்துவிடும், பாதுகாப்பும் கிடைக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிகூடச் சரியில்லை.

எடுரோம், ஒவ்வொருவரையும் தனித்தனியே சரிபார்த்து உள்ளே விடும் 802.1எக்ஸ் முறையில் இயங்குவது. நம் பல்கலைக்கழகக் கணக்கைக் கொடுத்தால், அதை நம் பல்கலைக்கழகத்தின் ரேடியஸ் சர்வரே சரிபார்க்கும். பழைய குரோம்காஸ்ட் (போனிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்ப உதவும் கருவி), பல்பு, பிளக் போன்றவற்றில் வைஃபை பெயரும் ஒரே ஒரு பாஸ்வேர்டும்தான் கேட்பார்கள். யூசர்நேம் போட இடமே கிடையாது. எத்தனை முறை ரீசெட் செய்தாலும் இதுதான் கதி.

அதனால்தான் பல வளாகங்களில் இவற்றுக்கென்று தனி நெட்வொர்க் வைக்கிறார்கள். மேக் பதிவு பெரும்பாலும் அங்கேதான் வரும். ஆனால் வைஃபையில் மேக் முகவரி மறைக்கப்படாமலே போகிறது. பக்கத்து அறையில் லேப்டாப் வைத்திருப்பவர் அதைப் படித்து, தன் லேப்டாப்புக்கே அந்த முகவரியைப் போட்டுக்கொள்ளலாம். பாஸ்வேர்டு இல்லாத நெட்வொர்க்கில் மேக் பதிவை மட்டும் நம்புவது, வாட்ச்மேனிடம் பெயரைச் சொன்னாலே உள்ளே விடுவதைப் போலத்தான். ஒவ்வொருவருக்கும் தனி பாஸ்வேர்டு தரும் முறை இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எடுரோமை ஏற்கும் டிவி கிடைத்தாலும் 'சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்' என்பதைத் தேர்வு செய்யாதீர்கள். அந்தச் சான்றிதழ்தான் எதிரே இருப்பது உண்மையான சர்வர் என்று காட்டுவது. அதே பெயரில் போலி வைஃபை வைப்பவரிடம் உங்கள் கல்லூரிப் பாஸ்வேர்டு போய்ச் சேரலாம். போன் எடுரோமிலும் டிவி தனி நெட்வொர்க்கிலும் இருக்கும்போது காஸ்ட் பட்டன் தெரியாவிட்டால் டிவியைக் குறை சொல்லாதீர்கள். போன் டிவியைக் கண்டுபிடிக்கச் செய்யும் தேடல், ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பொதுவாகக் கடந்து போகாது.