கிராப்பா: ஒயினா, சக்கையா?
வட இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான திரென்தினோவில் குடும்பம் குடும்பமாக வடிக்கும் கிராப்பா என்ற மது, விற்காமல் மிஞ்சிய ஒயினைக் காய்ச்சி எடுப்பது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. ஒயினைக் காய்ச்சி வடித்தால் வருவது பிராந்தி வகை. கிராப்பாவுக்கு மூலப்பொருள் திராட்சைச் சக்கை: ஒயின் எடுத்தபின் எஞ்சும் தோலும் விதையும். சிவப்பு ஒயினில் தோல் சாற்றோடு சேர்ந்தே புளிப்பதால், அந்தச் சக்கையில் ஏற்கெனவே சாராயம் இருக்கும். நேரே வடிகலனுக்குப் போகலாம். வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்துவிடுவார்கள். அதனால் அந்தச் சக்கையைத் தனியாகப் புளிக்க வைக்க வேண்டும். காய்ந்துபோவதற்குள் வடித்தாக வேண்டும் என்பதால் அறுவடைக் காலத்தில் இவர்களுக்குத் தூக்கமே கிடையாது!

ஒயின் வண்டலைக் கொஞ்சம் சேர்க்க அனுமதி உண்டு, 100 கிலோ சக்கைக்கு 25 கிலோ வரை. குழப்பம் இதிலிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்க்க, வடித்தெடுக்கும் மதுவகைகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/787 ஒழுங்குவிதியில் முதல் பின்னிணைப்பைத் திறந்து பாருங்கள், இணையத்தில் இலவசம். ஒயினிலிருந்து வடித்த மது 4ஆம் வகை, திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த மது 6ஆம் வகை. இத்தாலிய மொழியில் ‘வினாச்சா’ என்றால் சக்கை, ‘வீனோ’ என்றால் ஒயின்.