ஆமாம் சார், அதற்குள் காற்றுதான் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வீடியோவும் சுற்றிவிட்டது. தெரியாதவர்களுக்கு மட்டும்: புகைப்படப் போட்டிக்கு ஒரு பெண் பிள்ளை மேக்ரோ படம், அதாவது சின்னப் பொருளைக் கிட்டப் போய்ப் பெரிதாகக் காட்டும் படம், கொண்டுவந்தது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்ற குழாயை மாட்டி எடுத்தது. அதை நடுவர் மைக்கில் கேலி செய்தார். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. நடுவராக வந்த பெரியவர் பெயரையும் எழுதமாட்டேன். அவர் சொன்ன ஒரு வரியைத்தான் மூன்று நாளாக என்னால் விழுங்க முடியவில்லை.

"என்னம்மா இது, பஞ்சர் ட்யூபா? இதை மாட்டி எடுத்துட்டு மேக்ரோன்னு சொன்னா எப்படி?"

உடனே ஒரு சிரிப்பு. நம் ஆட்களும் சிலர் சேர்ந்து சிரித்தார்கள். அந்தப் பிள்ளை பதில் பேசவில்லை. கேமராவைப் பைக்குள் வைத்தது. ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. தலையைக் குனிந்தபடி இழுத்து இழுத்துப் பார்த்தது. எனக்கு அந்த ஜிப்தான் கண்ணிலேயே நிற்கிறது.

சார், பஞ்சர் ட்யூப் என்றீர்களே, பாதி சரி. எக்ஸ்டென்ஷன் ட்யூபுக்குள் காற்றுதான் இருக்கிறது. கண்ணாடி ஒரு சில்லுகூடக் கிடையாது. லென்ஸைக் கேமராவிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. தள்ளத் தள்ள, கிட்டத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகும். கிட்டப் போகப் போக உருவம் பெரிதாகும். ட்யூபின் நீளத்தை லென்ஸின் எம்எம்மால் (குவியத் தூரம்) வகுத்தால், உருவம் எத்தனை மடங்கு என்ற கணக்கு வந்துவிடும். என்னிடம் 12, 20, 36 என்று மூன்று துண்டு இருக்கிறது. 36ஐயும் 12ஐயும் சேர்த்து 50 எம்எம் லென்ஸுக்குப் பின்னால் மாட்டினால் 48. ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. 5 மில்லிமீட்டர் பூச்சி சென்சாரிலும் 5 மில்லிமீட்டராகவே விழும். உங்கள் மேக்ரோ லென்ஸ் தருவதும் அதே ஒன்றுக்கு ஒன்றுதானே? கண்ணாடியே இல்லாத ஒரு சாமான் படத்தில் எதைக் கெடுக்கும்?

இன்னொன்று. நிக்கானின் பழைய 55 எம்எம் மைக்ரோ லென்ஸ் (மேக்ரோவுக்கு அவர்கள் வைத்த பெயர் மைக்ரோ) தனியாகப் பாதி அளவுதான் தரும். ஒன்றுக்கு ஒன்று வேண்டுமென்றால் பிகே-13 என்று 27.5 மில்லிமீட்டர் ட்யூப் ஒன்றை மாட்டவேண்டும். அதுவும் நிக்கான் செய்ததுதான், அதற்குள்ளும் காற்றுதான். அந்தக் காலத்தில் அதை வைத்துப் பூவும் பூச்சியும் எடுத்தவர்களிடம் போய் பஞ்சர் ட்யூபா என்று கேட்டிருப்பீர்களா?

சரி, குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வெளிச்சம் குறையும். ஒன்றுக்கு ஒன்றில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, எஃப்8 வைத்தால் அதைவிடச் சின்ன எஃப்16 போல நடந்துகொள்ளும், இரண்டு ஸ்டாப் போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). ஆனால் உங்கள் ஒன்றரைக் கிலோ சாமானிலும் ஒன்றுக்கு ஒன்றுக்குப் போனால் வெளிச்சம் குறையத்தான் செய்யும், அதை ஏன் சொல்வதில்லை? நான் ஃப்ளாஷுக்கு முன்னால் சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளிப் பக்கத்தை வளைத்து ஒட்டி, மேலே பழைய வேட்டித் துணியைக் கட்டிக்கொள்கிறேன். சிரியுங்கள், பரவாயில்லை.

மூலைகளில் கூர்மை இருக்காதாம். இருக்காதுதான். பூச்சி மூலையில் உட்காருவதில்லை.

தூரத்தில் ஃபோகஸ் ஆகாது என்பது உண்மையான நஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் பாசியில் முகம் புதைத்துக் கிடந்தபோது பத்தடியில் ஒரு காட்டெருமை வந்து நின்றது. கேமராவைத் தூக்கினால் பழுப்பாக ஒரு மூட்டம். கழற்றி மாட்ட நேரமில்லை. காட்டெருமைக்குப் பத்தடியில் இருந்துகொண்டு லென்ஸ் மாற்றும் வீரம் எனக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் பூச்சிக்கு ரொம்பக் கிட்டப் போகவேண்டும், நாலு விரல் தூரம். பட்டாம்பூச்சி பறந்துவிடும். அதற்குத்தான் விடியற்காலையில் போவது. இந்தக் குளிரில் பனி உலரும்வரை பூச்சி அசையாது. ஆறு மணிக்கு எழுந்திருக்க முடியாதவர்களுக்கு, கொஞ்சம் தள்ளி நின்றே எடுக்கவிடும் நூறு எம்எம் மேக்ரோ நல்ல தீர்வு.

நான் ட்யூபுக்கு வந்த கதையையும் சொல்லவேண்டும். 2018இல் இங்கே கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்தபோது என்னிடம் இருந்தது, வாங்கும்போதே கூட வரும் கிட் லென்ஸோடு ஒரு பழைய கேமரா. மலை முழுக்க ஊதா. அதை எடுத்தேன், எல்லோரும் எடுத்த அதே படம். ஒரு பூவுக்குள் தேனீ தலையை விட்டு, பின்பாதி மட்டும் வெளியே ஆட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு கிட்டப் போனாலும் ஃபோகஸ் ஆகவில்லை. இனி 2030 வரை காத்திருக்கவேண்டும். அந்த ஆத்திரத்தில் மேக்ரோ லென்ஸ் விலை பார்த்தேன். அரை லட்சத்தைத் தாண்டியது. அப்பா பூம்பாறையில் பூண்டு போடுகிறார். அந்த வருஷம் பூண்டு விலை என்ன ஆனது என்பது மேல்மலைக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது. முதலில் நானூறு ரூபாய்க்குள் பிளாஸ்டிக் ட்யூப் ஒன்று வாங்கினேன். அதில் கேமராவுக்கும் லென்ஸுக்கும் மின் தொடர்பு இல்லை. அப்பர்ச்சரை மாற்ற முடியாது. முழுக்கத் திறந்தே கிடக்கும், படத்தில் பூச்சியின் ஒரு மயிர் மட்டும் தெளிவாக இருக்கும். அது குப்பை, வாங்காதீர்கள் என்று நானே சொல்கிறேன். பிறகு காசு சேர்த்துத் தொடர்புள்ள செட் வாங்கினேன்.

அந்த செட்டில் எடுத்த முதல் நல்ல படம் ட்ரொசீரா. பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி. இந்த மலைப் புல்வெளியில் மழைக்காலத்தில் வரும். எங்கே என்று சொல்லமாட்டேன், காரணம் பிறகு. இலை மிளகளவுதான். விளிம்பு முழுக்கச் சிவப்பு முடி, ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு பசைத்துளி. நடந்து போகிறவர்களுக்குப் புல்லில் ஏதோ ஈரம் என்று தெரியும், அவ்வளவுதான். நான் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்து, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டி எடுத்தேன். எஃப்8இல் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அறுபது படம் எடுத்ததில் ஒன்று அமைந்தது. பசைத்துளியில் ஒரு கொசு சிக்கியிருந்தது. அதன் ஒரு கால் மட்டும் இன்னும் வெளியே. அந்தத் துளிக்குள் வானம் தலைகீழாக. அப்பாவிடம் காட்டினேன். "இது நம்ம ஊர்லயா இருக்கு?" என்றார். அறுபது வருஷமாக அந்தப் புல் மேல் நடந்தவர்.

அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்ததும் ட்ரொசீராதான். என் படத்தைவிட நன்றாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது, அதையும் மறைக்கவில்லை.

இப்போது இன்பாக்ஸ். "சார் சீனியர், நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்." நல்லதுக்குச் சொல்கிறவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார், மைக்கில் சொல்லமாட்டார். "உனக்குப் பொறாமை." அந்த லென்ஸ் மேல் பொறாமை இருக்கிறது, ஏன் இல்லாமல்? கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். "போட்டி என்றால் விதி உண்டு." விதிமுறைத் தாளை எடுத்துப் படியுங்கள். உயிரினத்தைத் தொந்தரவு செய்யக்கூடாது, செடியைப் பறிக்கக்கூடாது என்று இருக்கிறது. ட்யூப் மாட்டக்கூடாது என்று ஒரு வரி காட்டுங்கள், இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன்.

பறிக்கக்கூடாது என்றதும் ஞாபகம் வருகிறது. போன மழைக்கு ஒரு குழு மேலே வந்தது. வழி காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். சாரும் இருந்தார். நான்தான் இடத்தைக் காட்டினேன், தப்பு என்னுடையது. தரை ஈரமாக இருக்கிறது, முட்டி போட முடியாது என்று, கூட வந்த பையனை விட்டு இரண்டு செடியை வேரோடு கிள்ளி எடுத்து, கார் பானெட்டில் கறுப்புத் துணி விரித்து வைத்தார்கள். நல்ல லென்ஸ், நல்ல ட்ரைபாட், நல்ல வெளிச்சம். படம் அருமையாகத்தான் வந்திருக்கும். போகும்போது துணியை உதறிவிட்டுப் போனார்கள். நான் எடுத்துப் பார்த்தபோது பசைத்துளி எல்லாம் காய்ந்து, முடி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. திரும்ப நட்டுவைத்தேன். பிழைக்கவில்லை. அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. கூலி வாங்கியிருந்தேன்.

அதனால் எது மேக்ரோ, எது மேக்ரோ இல்லை என்று எனக்குப் பாடம் எடுக்கவேண்டாம். அந்தப் பிள்ளையின் சுடிதார் முட்டியில் சேறு காயாமல் இருந்தது. மேடையில் யார் அதைப் பார்த்தார்கள்?

அன்ஃப்ரெண்ட் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள்.

தம்பி, தங்கச்சிகளுக்கு: வரும் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு பூம்பாறை பஸ் நிறுத்தத்தில் இருப்பேன். என் ட்யூப் செட் கேனான் மவுன்டுக்குப் பொருந்தும், மாட்டிப் பார்க்கலாம். 20 எம்எம் துண்டு கொஞ்சம் ஆடும், கையால் பிடித்துக்கொள்ளவேண்டும். அட்டைப்பூச்சி இருக்கிறது, உப்பு கொண்டுவாருங்கள்.